மூன்றாவது பெயர்

டீன் எசென்குல் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தால் அவனுக்கு ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று பொருள். ஒன்றும் ஆக வேண்டாத நாட்களில் அவன் தட்டுவதும் இல்லை, வருவதும் இல்லை. பெய்ஷென் நாற்காலியை ஹீட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கையில் ஆறிப்போன பால்தேநீரோடு உட்கார்ந்திருந்தார். ஆட்டு வைத்தியம் சொல்லிக்கொடுத்தே நரைத்த ஆள். ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒரு குளிர்காலத்தைத் தள்ள வேண்டும். அதற்கு மேல் அந்தப் பல்கலைக்கழகத்திடம் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை.

"பைகே, உடம்பு எப்படி இருக்கு? வீட்டுல எல்லாரும் சுகமா? ஆடுமாடு சுகமா?"

"எல்லாம் சுகம். விஷயத்துக்கு வா."

எசென்குல் ஒரு காலத்தில் பெய்ஷெனிடம் படித்தவன். ஆட்டைப் பிடிக்கச் சொன்னால் ஆடு அவனைப் பிடித்துக்கொண்டு ஓடும். அப்படிப்பட்டவன்தான் மேலே போவான். வேலை தெரிந்தவனைக் கொட்டகையில் வேலை கிடக்கிறது என்று சொல்லிக் கீழேயே வைத்திருப்பார்கள். இன்று அவன் டீன். அண்ணன் முறை வைத்து 'பைகே' என்று கூப்பிடுகிற மரியாதையை மட்டும் விடவில்லை. அதற்குச் செலவில்லை.

"வெள்ளிக்கிழமை ஆய்வு மன்றத்துல குல்சினா பட்டத்துக்கு நிக்கிறா, பைகே."

"தெரியும்."

"அவ ஆய்வு நம்ம கட்டுரையை அடிக்குது."

"நம்ம கட்டுரையா?"

"உங்க பேரும் இருக்கே." எசென்குல் சிரித்தான். "நீங்க ஒண்ணும் பெரிசாப் பேச வேண்டாம். எழுந்திரிச்சு, நான் பண்ணின சோதனை சரியாப் பண்ணினது, இந்தப் பொண்ணு எங்கயோ தப்புப் பண்ணியிருக்கான்னு ஒரு வார்த்தை. மீதியை நான் பார்த்துக்கிறேன். அடுத்த கோடையில உங்களை நல்லபடியா வழியனுப்பணும்னு ரெக்டரே சொன்னாரு."

வழியனுப்புவது என்ற சொல்லை அவன் கொஞ்சம் அழுத்திச் சொன்னான். பெய்ஷென் தேநீரைக் குடித்து முடித்தார். ஆறிய பாலில் ஆடை படிந்து உதட்டில் ஒட்டியது.

அந்தக் கட்டுரை வந்த கதை இது. பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டரின் மருமகன் ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து இறக்குமதி செய்கிறான். மருந்து நல்ல மருந்து என்று வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று சொன்னால் மாவட்டம் மாவட்டமாக விற்கலாம். ரெக்டருக்கோ பேராசிரியர் பட்டத்துக்கு வெளிநாட்டுக் கட்டுரை ஒன்று தேவைப்பட்டது. கட்டுரை தைத்துக் கொடுக்கிற கடைகள் எங்கோ இருக்கின்றன. அளவு சொன்னால் போதும், கால்சட்டை மாதிரித் தைத்து அனுப்பிவிடுவார்கள். தைத்தவன் ஆட்டைப் பார்த்தவனா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஆட்டைத் தொட்ட ஒருவன் பெயராவது அதில் இருந்தால்தானே நம்புவார்கள்? அதற்குத்தான் பெய்ஷென்.

நேராக வந்து யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் அப்படிக் கேட்பதும் கிடையாது. ரெக்டர் வீட்டு விருந்துக்கு அழைப்பு வந்தது. ஆட்டை அறுத்து எலும்பு எலும்பாகப் பங்கு வைத்தார்கள். யாருக்கு எந்த எலும்பு என்பதில் அங்கே யாரும் தவறுவதில்லை. தவறினால் பரம்பரைக்கும் பேச்சு நிற்கும். இடுப்பெலும்பு ஊர்ப்பெரியவர்களுக்குப் போகிற பங்கு. அது பெய்ஷென் தட்டில் வந்து விழுந்தது. அவரைவிட மூத்தவர்கள் மூன்றுநான்கு பேர் தொடையெலும்பைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். அந்தப் பங்கு அவருக்கு வாழ்நாளில் முதல் தடவை. அவர் கத்தியை எடுத்து, கறியை அறுத்து, பக்கத்திலிருந்தவர்களுக்கு ஒரு துண்டு நீட்டிவிட்டுச் சாப்பிட்டார். கறி நன்றாகத்தான் வெந்திருந்தது. மறுநாள் எசென்குல் வந்து, "உங்க பேரை மூணாவதாப் போட்டிருக்கு, பைகே" என்றபோது அவர் தலையாட்டினார். கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தது. படிக்கவில்லை. ஆங்கிலம் தெரிந்த யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லியிருக்கலாம். அதுவும் செய்யவில்லை.

எசென்குல் போன பிறகு குல்சினா வந்தாள். அவள் தட்டாமல் வருவாள், எப்போதும். முழங்கால் வரை ஏறும் சேறு படிந்த பூட்ஸ், தோளில் பை. ஆசிரியரை அங்கே 'அகாய்' என்பார்கள்; அவரிடம் படித்து அவருக்கே சக ஆசிரியை ஆன பின்னும் அவள் அதை மாற்றவில்லை.

"அகாய், ஓநாய் வந்துட்டுப் போன வாசனை அடிக்குதே."

"டீன் வந்தான்."

"அதைத்தான் சொன்னேன்."

ஹீட்டர் மேல் கையை வைத்துச் சூடேற்றிக்கொண்டாள். விரல்களில் வெடிப்பு. அடுத்தடுத்து இரண்டு கோடைகள் அவள் மலைமேல், கோடைமேய்ச்சலில், மந்தையோடு கூடாரத்தில் கிடந்தவள். மருந்து கொடுத்த ஆடுகளின் புழுக்கையைப் பொறுக்கி, கரைத்து, நுண்ணோக்கிக்கடியில் வைத்துப் புழுவின் முட்டையை எண்ணினாள். மருந்து கொடுக்கும் முன் எத்தனை முட்டையோ, கொடுத்த பின்னும் கிட்டத்தட்ட அத்தனை. மருந்து செத்துவிட்டது, புழு சாகவில்லை. இதுதான் அவள் கண்டது. இதற்குத்தான் அவளுக்குப் பட்டம் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கோடையோடு அவள் வேலை முடிகிறது. புருஷன் மாஸ்கோவில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறான். அவளும் போய்ப் பக்கத்தில் நின்று பெட்டி தூக்க வேண்டியதுதான்.

"உங்க கட்டுரையைப் படிச்சேன், அகாய்," என்றாள். குரலில் விளையாட்டு இல்லை.

"ம்."

"ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டுன்னு வாரம் தவறாம நம்ம பண்ணைக் கொட்டகையில ஆட்டை எடை போட்டதா எழுதியிருக்கு. ஜூலையில ஆடு கொட்டகையிலயா நிக்கும்? எந்த ஊரு ஆடு அது? சினிமா பார்க்க இறங்கி வந்துச்சா?"

அந்த நாட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்: கோடையில் ஆடு மேலே. கீழே கொட்டகையில் எலிகூட இருக்காது.

"நீங்களா எழுதினீங்க?"

"இல்ல."

"படிச்சீங்களா?"

"இல்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே பனி விழத் தயாராகிக்கொண்டிருந்தது.

"சரி. உங்களை நான் எதுவும் கேக்கல, அகாய். எனக்காகச் சண்டை போடுங்கன்னு சொல்லல. வெள்ளிக்கிழமை வாயை மட்டும் திறக்காதீங்க. அது போதும். அவன் கேட்டா இருமுங்க. தொண்டை சரியில்லன்னு சொல்லுங்க."

"இருமத் தெரியும்," என்றார் பெய்ஷென்.

வீட்டில் சோனுன் மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லாத ஊர். 'கிழவா' என்பாள். அதுவும் நல்ல நாட்களில்.

"என் தம்பி போன் பண்ணினான், கிழவா. இந்த வருஷம் பொறந்த குட்டியில பாதி போச்சாம். தாடைக்குக் கீழ தண்ணி கட்டித் தொங்குதாம். மருந்து கொடுத்தியாடான்னேன். கொடுத்தேன், மச்சான் பேரு போட்ட மருந்தைத்தான் கொடுத்தேன்னான்."

"என் பேரு போட்டதா?"

"மருந்துக் கடை சுவத்துல பெரிசா ஒட்டியிருக்காம். விஞ்ஞானிங்க சோதிச்சதுன்னு. ரெக்டரு, டீனு, அப்புறம் நீ. சனங்க ரெக்டரையும் டீனையுமா நம்புறாங்க? உன் பேரைப் பார்த்து வாங்குறாங்க."

பெய்ஷென் காலணியைக் கழற்றாமல் வாசல்படியிலேயே நின்றார்.

"என்ன சொன்னான் வேற?"

"திட்டல. திட்டியிருந்தாப் பரவாயில்ல. மச்சான்கிட்டக் கேளு, அளவு தப்பாக் கொடுத்துட்டேனான்னு கேளுங்கறான். தான்தான் தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சிக்கிட்டிருக்கான்." மாவை மடித்து மறுபடி தேய்த்தாள். "ஷூவைக் கழட்டு. குளிர் உள்ள வருது."

சாப்பிடும்போது வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னார். சோனுன் கேட்டுக்கொண்டே கிண்ணத்தில் சூப்பை ஊற்றினாள்.

"இத்தனை வருஷம் வாயை மூடிட்டுத்தானே இருந்தே. இன்னும் ஒரு குளிர்காலம் மூட முடியாதா? அந்தப் பொண்ணும் அதைத்தான் கேக்குறா. ரெண்டு பேருக்கும் நல்லது."

"மூடிட்டுத்தான் இருக்கப் போறேன்."

"அப்போ ஏன் சாப்பிட மாட்டேங்கறே?"

வெள்ளிக்கிழமை மன்றக் கூடத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. எல்லோரும் மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்கள். நீண்ட மேசை, நடுவில் தட்டுத் தட்டாகப் பொரித்த மாவுருண்டை, அதைத் தொடுவதா வேண்டாமா என்று பார்க்கும் பேராசிரியர்கள். குல்சினா நின்று பேசினாள். பெரிய சொல் எதுவும் போடவில்லை. இத்தனை மந்தை, இன்ன மேய்ச்சல், இன்ன மருந்து, முன்பு இவ்வளவு முட்டை, பின்பு இவ்வளவு. சிலர் போனைப் பார்த்தார்கள். சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் முகத்தில் கவலை தெரிந்தது. அவர்கள் வீட்டுக்கும் ஆடு உண்டு.

எசென்குல் தலைமை நாற்காலியில் இருந்தான். அவள் முடித்ததும் தொண்டையைச் செருமினான்.

"நல்ல உழைப்பு. மறுக்கல. ஆனா இதே மருந்து, இதே மாவட்டம், நம்ம ரெக்டர் தலைமையில நடந்த சோதனை வெளிநாட்டுப் பத்திரிகையில வந்திருக்கு. அதுல மருந்து வேலை செய்யுது. உன் ஆய்வுல செய்யல. ரெண்டுல ஒண்ணு பொய். எதும்மா பொய்?"

"ஆட்டைக் கேட்டாச் சொல்லும்," என்றாள் குல்சினா.

மேசையின் மறுகோடியில் யாரோ சிரித்து, உடனே அதை இருமலாக மாற்றினார்கள்.

"ஆடு எதுக்கு? சோதனை பண்ணினவரே இங்க இருக்காரு. பைகே, சொல்லுங்க."

பெய்ஷென் இருமினார். சொல்லிக்கொடுத்தபடியே. எசென்குல் காத்திருந்தான். மறுபடி இருமினார்.

"தொண்டை சரியில்லாட்டி விடுங்க, பைகே. நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா உங்க கட்டுரை சரிதான்னு எடுத்துக்கிறோம். அப்படியே பதிவு பண்ணிட்டு இந்த ஆய்வைத் தள்ளிடலாம். யாருக்காவது ஆட்சேபணை?"

குல்சினா அவரைப் பார்க்கவில்லை. தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லிக்கொடுத்த வழி அங்கே அடைபட்டுப்போனது. வாயை மூடினாலும் பொய், திறந்தாலும் பொய் என்று எசென்குல் ஏற்பாடு செய்துவைத்திருந்தான். படிக்கிற காலத்தில் இவ்வளவு புத்தி இருந்திருந்தால் ஒரு ஆட்டையாவது பிழைக்கவைத்திருப்பான்.

பெய்ஷென் எழுந்தார். முட்டி வலித்தது. வீரம் ஒன்றும் அவருக்குள் பொங்கவில்லை. அவர் யோசித்தது இவ்வளவுதான்: சோதனை பண்ணினேன் என்றால் எங்கே என்று கேட்பார்கள். எங்கே என்று சொன்னால் யார் உதவிக்கு இருந்தார்கள் என்பார்கள். அந்த ஆளைத் தயார் பண்ண வேண்டும். அவனுக்கு ஒரு கதை சொல்லிக்கொடுக்க வேண்டும். சோனுனின் தம்பியிடம் அளவு தப்பு என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் சாகும்வரை நினைவில் வைத்திருக்க வேண்டும். அதற்கான தெம்பு அவரிடம் இல்லை.

"ஜூலையில ஆடு கீழ இல்ல," என்றார்.

"என்ன பைகே?"

"கட்டுரையில கொட்டகையில எடை போட்டதா இருக்கு. அந்தக் கோடையில கொட்டகைக்குக் கூரை இல்ல. பிரிச்சுப் போட்டிருந்தோம். ஆடு எல்லாம் மேல. நான்தான் ஓட்டிக்கிட்டுப் போனேன்."

கூடத்தில் ஒருவரும் வியக்கவில்லை. அதுதான் விசேஷம். எல்லோரும் தலையைக் குனிந்து மாவுருண்டையைப் பார்த்தார்கள். அந்த மேசையைச் சுற்றியிருந்த ஒவ்வொருவருக்கும் மலைமேல் ஒரு அண்ணனோ மாமனோ இருந்தார். கட்டுரை வந்த அன்றே எல்லோருக்கும் தெரியும். பாராட்டிக் கைதட்டியவர்களும் அவர்கள்தான்.

"அப்போ சோதனை எங்க நடந்துச்சு?" எசென்குலின் குரல் மெலிந்துவிட்டது.

"நடக்கல."

"அப்போ கட்டுரையை யாரு எழுதினது?"

"தெரியாது. எவன் எழுதினானோ அவனுக்கு ஆடு தெரியாது."

"உங்க பேரு இருக்கே!"

"பேரு என்னுதுதான். கறியைத் தின்னேன். பேரைக் கொடுத்தேன். நீயும் பக்கத்துலதானே உக்காந்திருந்தே, எசென்குல். எலும்புல ஒட்டினதைச் சுரண்டித் தின்னியே."

உட்கார்ந்தார். கடைசியில் பைகேவுக்கு உடல்நிலை சரியில்லை என்றும், குல்சினாவின் ஆய்வை இப்போதைக்குத் தள்ளிவைப்பது என்றும் முடிவானது. நிராகரிக்க முடியவில்லை. எதை வைத்து நிராகரிப்பது? வைத்திருந்த கட்டுரையை அதன் ஆளே காலில் போட்டு மிதித்துவிட்டாரே.

வெளியே வராந்தாவில் குல்சினா அவர் கோட்டுக் கையைப் பிடித்தாள்.

"இருமச் சொன்னா இப்படியா இருமுவீங்க?"

"பழக்கமில்ல," என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். பல்கலைக்கழகத்தில் ஆய்வு நெறிக்குழு என்று ஒன்று இருந்தது. பல வருடமாக அது கூடியதில்லை. இப்போது கூடியது. அதன் தலைவர் ரெக்டர். கட்டுரையின் முதல் இரண்டு ஆசிரியர்களும் மூன்றாமவர் கொடுத்த தவறான தகவலை நம்பி ஏமாந்துவிட்டார்கள் என்று குழு கண்டுபிடித்தது. பெய்ஷென் தம் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டார். சொந்த விருப்பம் என்பதை எசென்குலே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தான். அன்றைக்கும் கதவைத் தட்டினான். ஓய்வூதியம் குறைந்தது. சோனுன் திட்டவில்லை; இரவில் ஹீட்டரைக் குறைத்துவைத்துவிட்டுக் கம்பளியை இரண்டாக மடித்துப் போட்டாள். சோனுனின் தம்பிக்கு மட்டும் பெய்ஷென் தாமே போன் பண்ணினார். "அளவு சரிதான்டா. மருந்துதான் தப்பு. நானும் தப்பு" என்றார். "சரி மச்சான். அக்காவைப் பார்த்துக்கோங்க" என்று அவன் போனை வைத்துவிட்டான். அதன் பிறகு அவன் போன் பண்ணவில்லை.

பனி உருகி ஆடுகளை மேலே ஓட்டத் தயாராகிற சமயத்தில் குல்சினா வீட்டுக்கு வந்தாள். நல்ல உடை உடுத்தியிருந்தாள். கையில் ஒரு பை. விருந்துக்குப் போனால் தன் பங்கு இறைச்சியில் மிச்சத்தைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது அங்கே வழக்கம். பை கனமாக இருந்தது.

"பட்டம் கிடைச்சிருச்சு, அகாய்."

"எப்படி?"

"மருமகன் புது மருந்து இறக்குறானாம். பழைய சரக்கு தீர்ந்துபோச்சு. இப்போ பழைய மருந்து வேலை செய்யலன்னு சொல்ற கட்டுரை ஒண்ணு அவனுக்கு வேணும்." பையை மேசைமேல் வைத்தாள். "என்னுது ரெடியா இருந்துச்சு."

சோனுன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பெய்ஷென் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். அவள் உட்காரவில்லை.

"பேரு?"

"ரெக்டர். அப்புறம் டீன்."

"நீ?"

"மூணாவது."

"அது என் இடம்."

அவள் சிரிக்க முயன்றாள். வரவில்லை.

"வேண்டாம்னு சொன்னா பட்டமும் இல்ல, வேலையும் இல்ல, மருந்து செத்துப்போச்சுன்னு ஊருக்குச் சொல்ல வழியும் இல்ல. அடுத்த கோடையிலயும் சனங்க அதையே வாங்கி ஊத்துவாங்க. தலையாட்டிட்டேன், அகாய்."

"ஆடு மேல இருந்ததா எழுதியிருக்கா?"

"இருக்கு. ஒரு எண்ணைக்கூட மாத்தவிடல. முழுசாப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் தலையாட்டினேன்."

"நான் படிக்காம ஆட்டினேன்," என்றார் பெய்ஷென். "கட்டுரை தைக்கிற கடை ஆளு உனக்குத் தேவைப்படல. அவ்வளவுதான் வித்தியாசம். சின்ன வித்தியாசம் இல்ல. ஆனா புதுசு வேலை செய்யுதுன்னு அடுத்து ஒரு கட்டுரை கேப்பாங்க. அதுக்கும் விருந்து வைப்பாங்க."

"தெரியும்."

"அப்போ என்ன பண்ணுவே?"

"தெரியல, அகாய்."

சோனுன் பையைப் பிரித்தாள். உள்ளே வால்பக்கத்து எலும்பு, கொழுப்போடு, கறியோடு, கத்தி படாமல். வீட்டின் மூத்த பெண்களுக்குப் போகிற பங்கு. குல்சினா வயதுப் பெண்ணின் தட்டில் அது விழுந்ததாக அந்த ஊரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"நீ தொடவே இல்லையா?"

"முழுங்க முடியல, எஜே." அக்கா முறைக்கு அங்கே எஜே. "வர்ற வழியில ஆத்துல போட்டுடலாமான்னு நெனச்சேன்."

"கறியையா? பைத்தியமா நீ?" சோனுன் எலும்பைத் தூக்கிச் சட்டியில் போட்டாள். "ஆடு என்ன பாவம் பண்ணிச்சு? அதுவா கட்டுரை எழுதிச்சு?"

சூடானதும் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். குல்சினா எலும்பைச் சோனுன் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அந்தப் பங்குக்குரிய வயது அவளுக்குத்தான் இருந்தது. சோனுன் கத்தியால் அறுத்து, முதல் துண்டைக் குல்சினாவின் கையில் திணித்தாள். அவள் அதை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டு வாயில் போட்டு மென்றாள். பெய்ஷென் தம் பங்கை எடுத்துக்கொண்டார். போன தடவை மாதிரி வேகவில்லை என்றார். ஆனாலும் தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.